ஊரான் வீட்டு நெய்யில் உலகக் கோப்பை

சிறிய நாட்டுக்கு இளம் வீரர்களை வளர்த்தெடுப்பது வீண் வேலை என்று நண்பர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ‘ஃபுட்பால் மேனேஜர்’ கணினி விளையாட்டில் ஐஸ்லாந்துக் கிளப் ஒன்றை எடுத்து, பிறகு அந்நாட்டு தேசிய அணியையும் கையில் வாங்கி, உலகக் கோப்பையைத் தூக்கிய கதை அது. கதை சுவையாகத்தான் இருக்கிறது. தூக்கியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்க்கும்போதுதான் சிரிப்பு வருகிறது. முன்வரிசையில் இரண்டு பிரேசில்காரர்கள், நடுக்களத்தில் ஓர் அர்ஜென்டினாக்காரர், தற்காப்பில் ஒரு கொலம்பியர், இப்படி எட்டுப் பேர். எல்லோரும் 18 வயதில் விலைக்கு வாங்கப்பட்டு, ரெய்க்யவிக் குளிரில் நாளெண்ணிக் குடியுரிமை வாங்கி, நீலச் சட்டை மாட்டிக்கொண்டவர்கள்.

இந்தச் சாதனையிலிருந்து அவர் ஒரு தத்துவத்தையே கறந்துவிட்டார். பையனின் திறமை பிறக்கும்போதே எண்ணாக எழுதப்பட்டுவிடுகிறதாம். எந்தப் பயிற்சியாளராலும் அதை அழித்து எழுத முடியாதாம். சிறிய நாட்டில் நல்ல எண்ணோடு பையன்கள் பிறப்பதில்லை, ஆகவே வெளியே போய் வாங்கு என்கிறார். நிஜ உலகமும் இதைத்தான் செய்கிறது, குராசோ என்ற சின்னத் தீவு 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே சாட்சி என்கிறார். ஐஸ்லாந்து 2016 ஐரோப்பியக் கோப்பையில் ஆடியது ஒரு தலைமுறையின் அதிர்ஷ்டமாம். உள்ளூர்ப் பையன்களை வளர்க்கிறேன் என்று சீசன் சீசனாக உட்கார்ந்திருப்பவர்கள் உணர்ச்சிவசப்பட்ட அசடுகளாம்.

அசடுகளில் ஒருவன் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் திரைக்குப் பின்னால் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று இன்றைய திறன், மற்றொன்று அவன் எட்டக்கூடிய அதிகபட்சத் திறன். இரண்டுக்கும் உச்சம் 200. விளையாட்டு தானாக உருவாக்கும் கற்பனைப் பையன்களுக்கு, ‘நியூஜென்’ என்கிறோமே அவர்களுக்கு, இரண்டாவது எண் தோன்றும் நாளிலேயே முடிவாகிவிடும், பிறகு மாறாது. இதுவரை நண்பர் சொல்வது சரி. அடுத்த வரியிலேயே தடுக்கி விழுகிறார். அந்த எண் கூரை. கூரையை எல்லோரும் தொட்டுவிடுகிறார்களா என்ன? 160 என்று எழுதப்பட்ட பையன் 110இல் நின்று, கீழ்ப்பிரிவு அணிகளில் அலைந்து ஓய்வு பெறுவது இங்கே சர்வ சாதாரணம். எங்கே நிற்பான் என்பதை எது முடிவு செய்கிறது? அவனுடைய தொழில் ஒழுக்கம், முனைப்பு. 18 வயதுக்கும் 21 வயதுக்கும் நடுவே எந்தத் தரத்து லீகில் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தான் என்பது. பயிற்சி மைதானம் எப்படி, பயிற்சியாளர் யார், எந்த மூத்த வீரரின் பக்கத்தில் அவனை உட்கார வைத்தோம் என்பது. இவற்றில் பெரும்பகுதி மேனேஜர் கையில் இருக்கிறது. ‘எல்லாம் தலையெழுத்து’ என்று சொல்லிவிட்டுப் போகிற மேனேஜர் தன் வேலையையே செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

தலையெழுத்து என்ற நம்பிக்கையாவது உறுதியானதா? நிஜ உலகின் இளம் வீரர்கள் பலருக்கு இந்த விளையாட்டின் தகவல் தளத்தில் நிலையான உச்ச எண்ணே கிடையாது. மைனஸ் 9, மைனஸ் 10 என்று ஒரு குறியீடு போட்டிருப்பார்கள். மைனஸ் 10 என்றால் 170க்கும் 200க்கும் நடுவே ஏதோ ஒன்று. மைனஸ் 9 என்றால் 150 முதல் 180 வரை. ஒவ்வொரு முறை புது ஆட்டம் தொடங்கும்போதும் தாயம் உருட்டப்படுகிறது. என் கணினியில் உலக நாயகனாகும் பையன் நண்பரின் கணினியில் சராசரிக்குச் சற்று மேல். எழுதுகிறவர்களே பென்சிலால் எழுதிய தலையெழுத்துக்கு இவர் கற்பூரம் காட்டுகிறார்.

பேனாவால் எழுதியபோது என்ன ஆனது என்பதும் ஊரறிந்த கதை. இந்த விளையாட்டின் முன்னோடியான ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ 2001-02 பதிப்பை ஆடியவர்களுக்கு செர்னோ சாம்பாவைத் தெரியும், டோன்டன் சோலா முகோகோவைத் தெரியும். திரையில் இருவரும் ஐரோப்பாவையே கிழித்தார்கள். நிஜத்தில் முகோகோ டெர்பி கவுண்டியின் முதல் அணிக்கே வரவில்லை. சாம்பா எந்தப் பெரிய லீகிலும் நிலைக்காமல், பின்னால் காம்பியா என்ற சிறிய நாட்டுக்கு ஆடினார். அதே பதிப்பில் டோ மடெய்ரா என்று ஒரு போர்ச்சுக்கல் கோல் இயந்திரம் உண்டு. நிஜத்தில் அப்படியொரு வீரரே இல்லை. தகவல் சேகரித்தவர் தன்னையே வீரனாக நுழைத்துக்கொண்டார். அந்த எண்களைத் தட்டச்சு செய்பவர்கள் மனிதர்கள். பிரம்மாவுக்குக்கூட இவ்வளவு குறும்பு கிடையாது.

ஆனால் நண்பரின் பெரும் பிழை இதுவும் அல்ல. தனி ஒரு பையனையும் அடுத்த ஆண்டு வரப்போகும் பையன்களின் வரிசையையும் அவர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார். ஒரு பையனின் உச்ச எண் மாறாது, சரி. அடுத்த ஆண்டு வரும் பையன்களின் எண்கள் இன்னும் எழுதப்படவே இல்லையே!

பழைய பதிப்புகளில் அவர் சொல்வது ஏறக்குறைய பொருந்தியிருக்கும். அப்போது ஒரு வீரன் ஓய்வு பெற்றால் அவனே வேறு பெயரில், பதின்ம வயதில் மறுபிறவி எடுத்து வருவான். ‘ரீஜென்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். நல்ல வீரர்கள் உள்ள நாட்டில் நல்ல வீரர்களே மீண்டும் பிறப்பார்கள். ஏழை நாடு ஏழையாகவே இருக்கும். அது கர்ம வினைக் கால்பந்து. அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கிளப்புக்கும் புதிய பையன்கள் வருகிறார்கள். அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதில் நாட்டின் இளையோர் தரத்துக்குப் பங்கு உண்டு. அதோடு அந்தக் கிளப்பின் இளையோர் வசதிகள், சிறுவர் பயிற்சியின் தரம், ஆள் தேடும் பரப்பு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. இளையோர் வளர்ச்சித் தலைவராக யாரை நியமிக்கிறோமோ அவருடைய குணம்கூடப் பையன்களிடம் படிகிறது. சோம்பேறியைத் தலைவராக வைத்தால் சோம்பேறிகள் வருவார்கள். அண்மைப் பதிப்புகளில் நாட்டின் இளையோர் தரமும் கல்வெட்டு கிடையாது. தேசிய அணியும் உள்நாட்டு லீகும் உயர உயர அதுவும் மெல்ல நகர்கிறது. இத்தனை கதவுகள் திறந்திருக்க, நண்பர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு வழியே இல்லை என்கிறார்.

இதில் பொறுமை தேவை என்பது உண்மை. ஐஸ்லாந்தில் ஒரு கிளப்பை எடுத்தால் முதல் சில ஆண்டுகளில் வரும் பையன்களில் பாதிப் பேர் மூன்றாம் பிரிவுக்குக்கூடத் தேற மாட்டார்கள். ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் ஒரு சுற்று தாண்டினால் வரும் பரிசுப் பணத்தை நிர்வாகக் குழுவிடம் கெஞ்சி இளையோர் மைதானத்தில் போட வேண்டும். கிளப்புகள் வெளியே ஜெயிக்க ஜெயிக்க லீகின் ஐரோப்பியப் புள்ளி ஏறும்; அடுத்த கிளப்புக்கும் இடம் கிடைக்கும், பணம் வரும். அங்கேயும் மைதானம் போடுவார்கள். ஒரு கிளப்பில் தொடங்கியது ஐந்தாறு கிளப்புகளுக்குப் பரவும்போதுதான் தேசிய அணிக்குத் தேர்வுப் பட்டியல் என்று ஒன்று உருவாகிறது. பத்துப் பதினைந்து சீசன் பிடிக்கும் வேலைதான் இது. நண்பருக்குப் பொறுமை இல்லை என்றால் அதைச் சொல்லலாம், தவறே இல்லை. பொறுமையின்மையை இயற்கை விதி என்று சொல்லும்போதுதான் பிரச்சினை.

நிஜ ஐஸ்லாந்துக்கு வருவோம், அதிர்ஷ்டம் என்றாரே. சுமார் 3,30,000 பேர் வாழ்ந்த நாடு. குளிர்காலத்தில் பகல் என்பது சில மணி நேரம். காற்றிலும் பனியிலும் புல்தரையில் ஆட முடியாது. கெஃப்லாவிக்கில் 2000இல் முழு அளவு உள்ளரங்கக் கால்பந்துக் கூடம் திறந்தார்கள். ரெய்க்யவிக்கை ஒட்டிய கோபவோகுரில் ஃபீஃபன் கூடம் 2002இல் வந்தது. அடுத்து மற்ற ஊர்களில். பள்ளிகளின் பக்கத்திலேயே செயற்கைப் புல் போட்ட சின்னச் சின்ன ஆடுகளங்கள் நாடெங்கும். அதைவிட முக்கியம், எட்டு வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுக்க ஊதியம் பெறும், ஐரோப்பியக் கால்பந்துச் சங்க உரிமம் பெற்ற பயிற்சியாளர்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலும் யாரோ ஒரு பையனின் அப்பா விசில் ஊதிக்கொண்டிருக்கும் வயது அது.

பிறகு என்ன நடந்தது? கோபவோகுரின் பிரெய்தாபிலிக் கிளப் வழியாக கில்ஃபி சிகுர்ட்சன், ஆல்ஃபிரெட் ஃபின்போகசன், யோஹான் பெர்க் குட்மண்ட்சன் மூவரும் வந்தார்கள். 1989, 1990இல் பிறந்தவர்கள். ஒரு புறநகர், ஒரு கிளப், இரண்டே ஆண்டு இடைவெளியில் மூன்று சர்வதேச வீரர்கள்! இவர்களும் இவர்களின் வயதொத்தவர்களும் 2011இல் டென்மார்க்கில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். வழியில் ஜெர்மனியை 4-1 என்று தோற்கடித்திருந்தார்கள். 2016 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் நெதர்லாந்தை உள்ளூரிலும் ஆம்ஸ்டர்டாமிலும் வென்றார்கள். 2016 ஜூன் 27 அன்று நீஸ் நகரில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 2018இல் உலகக் கோப்பைக்குள் நுழைந்தபோது அதுவரை நுழைந்த நாடுகளில் மிகக் குறைந்த மக்கள்தொகை அவர்களுடையதுதான். இதற்குப் பெயர் அதிர்ஷ்டம் என்றால், கட்டடம் கட்டி, ஆசிரியர் வைத்து, பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தேர்வு முடிவு வருவதற்கும் அதிர்ஷ்டம் என்றே பெயர் வைக்கலாம்.

‘2018க்குப் பிறகு எங்கே போனார்கள்?’ என்று நண்பர் கேட்கிறார், கிண்டலாக. ஐரோப்பியக் கோப்பை 2020க்கான கடைசித் தகுதி ஆட்டத்தில் புடாபெஸ்டில் 88ஆவது நிமிடம் வரை முன்னிலையில் இருந்துவிட்டுத் தோற்றார்கள். 2024க்கான கடைசித் தகுதி ஆட்டத்தில் உக்ரைனிடம் 2-1 என்று தோற்றார்கள். கதவு வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். அக்ரானெஸ் என்ற மீன்பிடி ஊரிலிருந்து கிளம்பிய ஹாகோன் ஹரால்ட்சன் 2023இல் லில் அணிக்குப் போனார். ஓரி ஓஸ்கார்சன் 2024இல் ரியல் சொசியதாத் அணிக்குப் போனார். ஒரு தலைமுறையோடு தீர்ந்துபோன நாட்டின் அறிகுறிகள் இவை இல்லை.

இப்போது குராசோ. இந்த இடத்தில் நண்பரின் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். தனக்கு எதிரான சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றியிருக்கிறார். 2025 நவம்பரில் ஜமைக்காவோடு கிங்ஸ்டனில் கோலின்றி சமன் செய்து, சுமார் 1,56,000 மக்களைக் கொண்ட அந்தத் தீவு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஐஸ்லாந்தின் சாதனையும் முறிந்தது. அணியில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் சந்தையில் வாங்கப்பட்டவர்களா? அவர்களின் பெற்றோரோ தாத்தா பாட்டியோ தீவைச் சேர்ந்தவர்கள். குராசோ இன்றும் நெதர்லாந்து முடியாட்சியின் ஓர் அங்கம், கடவுச்சீட்டே ஒன்று. பிரேசில் பையனுக்குக் குடியுரிமை கிடைக்கும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டுக் காத்திருப்பதும் இதுவும் ஒன்றா?

அதைவிட, அந்த வீரர்களைச் செதுக்கியது யார்? நெதர்லாந்தின் இளையோர் அகாடமிகள். குராசோவின் வில்லெம்ஸ்டாட்டிலேயே பிறந்த தஹித் சோங்கூட ஃபெய்னூர்டின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர்தான். உலகிலேயே சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பதில் மிகச் சிறந்த நாடுகளில் ஒன்று, பல ஆண்டுகள் செலவழித்து உருவாக்கிய வீரர்களைக் காட்டி, ‘பார்த்தீர்களா, வளர்ப்பது வீண்’ என்கிறார் நண்பர். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். நெய்யை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மாடு வளர்ப்பதெல்லாம் வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று வேறு சொல்கிறார் இவர்.

உறவு எதுவும் இல்லாமல் ஆள் பிடித்த நாடுகளின் கதையையும் அவர் எழுதியிருக்கலாம். ஏனோ விட்டுவிட்டார். கிழக்குத் திமோர் ஒரு காலத்தில் பிரேசில் வீரர்களாக அணியில் சேர்த்துக்கொண்டே போனது. ஆவணங்கள் போலி என்று நிரூபணமாகி, 2017இல் ஆசியக் கூட்டமைப்பு அந்நாட்டை 2023 ஆசியக் கோப்பையிலிருந்தே வெளியேற்றியது. மலேசியா 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்றபோது கோலாலம்பூரில் கொண்டாட்டம் என்ன, ஆரவாரம் என்ன! அதே ஆண்டு செப்டம்பரில், வெளிநாட்டில் பிறந்த ஏழு வீரர்களின் தாத்தா பாட்டி ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று கூறி ஃபிஃபா தண்டனை விதித்தது. அங்கே உள்ளூர் லீகில் ஆடும் பையன்களுக்கு, தமிழ்ப் பையன்களும் அதில் அடக்கம், கிடைத்த செய்தி என்ன? உன் இடம் விற்பனைக்கு.

ஒழுங்காகச் செய்தாலும் கணக்கு இடிக்கிறது. பிறப்போ பூர்வீகமோ இல்லாமல் 18 வயதில் வருபவன் ஐந்து ஆண்டு தொடர்ந்து அங்கே வாழ்ந்தால்தான் ஃபிஃபா விதிப்படி அந்நாட்டுக்கு ஆடலாம். ஐஸ்லாந்துச் சட்டப்படி குடியுரிமைக்குப் பொதுவாக ஏழு ஆண்டு வசிக்க வேண்டும். அதாவது நண்பரின் பிரேசில் பையன் நிஜத்தில் 25 வயதில் சட்டை மாட்டுவான். அதுவரை அவனைப் போன்ற திறமைசாலியை ஸ்பெயினோ இங்கிலாந்தோ வாங்கிக்கொண்டு போகாமல் ரெய்க்யவிக்கில் விட்டுவைக்கும் என்று நம்ப, நண்பரைப் போன்ற நல்ல மனம் வேண்டும்.

வளர்ப்பவனுக்கும் வலி உண்டு, மறைக்கவில்லை. லக்சம்பர்க்கைக் கேளுங்கள். போஸ்னியப் போரிலிருந்து தப்பிவந்த குடும்பத்தின் பையன் மிராலெம் ப்யானிச் அங்கே வளர்ந்தார். அந்நாட்டின் இளையோர் அணிக்காக ஆடினார். பெரியவனானதும் போஸ்னியாவைத் தேர்ந்தெடுத்தார். அதில் அவர் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. லக்சம்பர்க் அழுது முடித்துவிட்டு மொன்டெர்காஞ்சில் இருக்கும் தேசியக் கால்பந்துப் பள்ளியை இழுத்து மூடிவிடவில்லை. தொடர்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். எட்டல்ப்ரூக்கில் பிறந்த லியாண்ட்ரோ பரெய்ரோ இன்று பென்ஃபிகாவில் இருக்கிறார். 2024 மார்ச்சில் ஐரோப்பியக் கோப்பைக்கு இரண்டே வெற்றி தூரத்தில் அந்த நாடு நின்றது. ஜார்ஜியாவிடம் தோற்றது, அது வேறு. ஒருவன் போனால் அடுத்தவன் இருக்கிறான் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நண்பரின் முறையில் அந்த அடுத்தவன் கிடையாது.

கிடையாது என்பதற்கு ஆதாரம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அவருடைய கட்டுரையின் கடைசிப் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். கோப்பை வென்ற சில ஆண்டுகளில் அவருடைய ஐஸ்லாந்து தகுதிச் சுற்றில் கடைசி இடத்துக்குச் சரிந்துவிட்டது. விளையாட்டில் ஏதோ கோளாறு, நீண்ட காலம் ஆடினால் சமநிலை கெட்டுவிடுகிறது என்று தயாரிப்பாளர்கள் மேல் பழி போடுகிறார். கோளாறு ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று கோடைகளுக்குள் வாங்கிய எட்டுப் பேருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஒரே நேரத்தில் 34 ஆனது. ஒரே நேரத்தில் கால்கள் ஓய்ந்தன. அதற்குள் உள்ளூர் லீகில் அந்த எட்டு இடங்களுக்காகப் போராடியிருக்க வேண்டிய பையன்கள் நிமிடக் கணக்கு இல்லாமல் வாடி, 24 வயதில் பகுதிநேர ஒப்பந்தத்துக்குப் போய்விட்டார்கள். பிரேசில்காரர்களின் சம்பளத்துக்கே பணம் போனதால் இளையோர் மைதானத்துக்கு ஒரு முறைகூட அவர் செலவு செய்யவில்லை. இதைச் சிக்கனம் என்று அவரே பெருமையாக வேறு குறிப்பிடுகிறார். பிறகு பையன்கள் எங்கிருந்து வருவார்கள்?

மற்றொன்றையும் கவனிக்காமல் விட்டிருக்கிறார். தேசிய அணி மேனேஜராக இருப்பவருக்கு இந்த விளையாட்டில் அதிகாரம் மிகக் குறைவு. வருகிறவர்களிலிருந்து தேர்வு செய்யலாம், அவ்வளவுதான். மைதானம் போடவோ, கிளப்புக்குப் பயிற்சியாளரை நியமிக்கவோ, பையனுக்குக் களத்தில் நிமிடம் வாங்கித் தரவோ அந்த நாற்காலியிலிருந்து முடியாது. அதெல்லாம் கிளப் நாற்காலியின் வேலை. நிஜத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். நண்பர் கோப்பைக் கனவில் தேசிய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, கிளப்பை வெளிநாட்டு வீரர்கள் குடியுரிமை வரும்வரை தங்கும் விடுதியாக நடத்தியிருக்கிறார்.

இரண்டாம் பகுதி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறார். அடுத்தது ஃபாரோ தீவுகளாம். சுமார் 54,000 பேர் வாழும் அந்தத் தீவுகள், உள்ளூரில் பெயர் சொல்லி அழைக்கும் பையன்களை வைத்துக்கொண்டு, 2022இல் துருக்கியையும் 2025இல் செக் குடியரசையும் 2-1 என்று தோற்கடித்திருக்கின்றன. க்ளாக்ஸ்விக் என்ற மீன்பிடி ஊரின் கிளப் 2023இல் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷை அவர்கள் மண்ணிலேயே 3-0 என்று வென்று, ஐரோப்பியக் குழுச் சுற்றுக்குப் போன முதல் ஃபாரோ கிளப் ஆனது. அங்கே போய் நண்பர் என்ன வாங்கப்போகிறார், யாருடைய இடத்தில் யாரை நிறுத்தப்போகிறார் என்று தெரியவில்லை. கிளம்புவதற்கு முன் தன் ஐஸ்லாந்து ஆட்டத்தை ஒருமுறை திறந்து, 19 வயதுக்குட்பட்டோர் அணிப் பக்கத்தைப் பார்க்கட்டும். சாம்பல் நிறத்தில் சில பெயர்கள் இருக்கும். ஆடுவதற்கு ஆள் போதாத இடத்தை நிரப்ப விளையாட்டே போட்டுக்கொள்ளும் பெயர்கள் அவை. அவர்களைச் சொடுக்கினாலும் திறக்காது.